மாற்று வீடு

கொத்தணி இலக்கம் நாற்பத்தொன்று, கல்குடா.
பத்து வீடு, ஒரு கிழமை.
தின்றது குடித்தது வாங்கியது கொடுத்தது
ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.
திணைக்களம் தந்த பையில்
சிங்கத்தின் வால் சாயம் போய்விட்டது.

ஏழாம் வீட்டுக்கு மதில்.
மதிலின் மேல் கண்ணாடித் துண்டு,
அதற்கும் மேல் முள்ளுக்கம்பி,
கம்பி தெரியாமலிருக்கப் போகன்விலா.
மணியை அமத்தினேன்.
நாய்க்கும் எனக்கும் நடுவில்
காவலாளி வந்து நின்றான்.
ஐயா கொழும்பில், மேடம் கோலில்,
நாளைக்கு வாங்க.
நாளைக்கும், நாளைக்கு வாங்க.
மூன்றாம் நாள் கையேட்டைப் புரட்டினேன்:
தகவல் தர மறுக்கும் வீட்டுக்குப் பதிலாக
பட்டியலிலுள்ள மாற்று வீட்டைச் சேர்த்துக்கொள்க.

அவ்வளவுதான்.
ஓர் ஐஸ் ஆலை, இரண்டு ஹோட்டல்,
ஒரு பென்சில் கோட்டில்
கணக்கை விட்டு வெளியே போயின.
அந்த இடத்தில்
புவனமலரின் தகரக் கூரை வந்து குந்தியது.
ஏற்றத்தாழ்வு அன்றைக்கே
கொஞ்சம் குறைந்திருக்கும்.

பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.
ஒரு காலுக்கு நைலோன் கட்டு.
பாரமில்லாத மாதிரி இருந்துகொண்டேன்.
அரிசி?
ஒரு கிலோ, கடைக் கொப்பியில்.
மீன்? பிடித்ததா, வாங்கியதா?
"பிடிச்ச பாரை ஹோட்டலுக்கு மிஸ்.
நமக்கு நெத்தலிக் கருவாடு, அது வாங்கினது."
தண்ணீர்?

முன்னம் கிணறு.
கிணற்றுக்குப் பெறுமதி இல்லை,
படிவத்தில் ஒரு கோடு கீறினால் போதும்.
மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டர் இறக்கி
நீலத் தரை போட்டு நீந்தத் தொடங்கிய பிறகு
கிணறு கரித்தது.
இப்போது பவுசர்.
கலன் முப்பது ரூபாய், நாளைக்கு ஆறு.
கிணறு செத்ததற்கு என்னிடம் குறியீடு இல்லை.
அது செத்ததால் வாங்கிய தண்ணீருக்கு இருக்கிறது,
நான்கு பெட்டி, வலப்பக்கம் ஒதுக்கி எழுதவேண்டும்.
எழுதினேன்.
அந்த வளவுக்குள் நாடு
நூற்றியெண்பது ரூபாய் வளர்ந்தது.

மகள் விதுர்ஷிகா ஹோட்டலில் துணி தோய்க்கிறாள்.
எண்பது அறை, அறைக்கு நாலு துவாய்.
"அங்க தண்ணி நல்லம், நுரை வரும்" என்றாள்.
யாரும் காணாமல்
தலையும் அங்கேயே முழுகிவிட்டு வருவாளாம்.
அது வருமானமா?
பேனா கொஞ்சம் நின்று
அடுத்த வரிக்குப் போனது.

புதன்கிழமைப் பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.
"புதன் நான் வீட்டில இல்ல."
எங்கே?
"லோன்காரன் வாற நாள்.
கண்ணாக் காட்டுக்குள்ள இருப்பன்,
நுளம்பு மட்டும் என்னக் கண்டுபிடிக்கும்."
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
எனக்கும் ஒரு புதன்கிழமை இருக்கிறது,
வாசலில் நிற்கிற ஸ்கூட்டிக்கு.
அதைச் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி.
சென்ற வருடத்தோடு பார்க்கையில் வீட்டின் நிலை:
உயர்ந்துள்ளது, மாற்றமில்லை, தாழ்ந்துள்ளது.
அவள் திருப்பிக் கேட்டாள்,
"நாட்டுக்கு எப்பிடி மிஸ்?"
நாலு வீதத்துக்கு மேல் வளர்ந்திருப்பதாக
காலையில் ரேடியோ சொன்னதைச் சொன்னேன்.
"நல்லம்" என்றாள், மனதறிந்து.
கருவாட்டைத் தேடி வந்த காகத்தைக் கலைத்தாள்.
மறுகா,
"அத ஆர்ர வீட்டில வச்சிருக்காங்க?"

பவுசர் கோர்ன் அடித்தது.
நாலு கலனைக் கயிற்றில் கோத்தபடி ஓடினாள்.
காற்றுக்குப் படிவம் பறக்காமல்
கதிரையில் வைத்து, மேலே பையை வைத்து,
மிச்சம் இரண்டைத் தூக்கிக்கொண்டு
பின்னால் நானும்.

வரிசையில் எங்களுக்கு முன்
ஏழாம் வீட்டுக் காவலாளி நின்றான்.
சீருடைத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி,
கையில் மூடியில்லாத ஒரு கலன்,
அது அவன் வீட்டுக்கு.
என்னைக் கண்டதும்
பழக்கத்தில்
நாளைக்கு வாங்க என்று வாயெடுத்து
இடையில் நிறுத்தி
சற்று ஒதுங்கி இடம் விட்டான்.